நரைத்த வைக்கோல்

மணல் கொதிக்கிறது.
நீரில்லை, பாலில்லை.
அடியிலிருந்து ஏறும் காற்று
ஒரு மணியை இன்னொன்றின் தோளில்
அமரவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கிறது.
எழுநூற்று இருபது பாகை.
அந்தக் கொதிப்புக்குள் விழும் கோதுமைத்தாள்
சுடராகாமல் புகையாகாமல்
வாயுவாகிக் குழாயேறி
ஊரின் வெந்நீராகிறது.

வடமேற்கு யூட்லாந்து. இரவுப் பணி ரக்னாவுக்கு.
திரையில் ஒரு கோடு, மணற்படுக்கையின் அழுத்தம்.
நடுங்கினால் நலம்.
நேராய்ப் படுத்துவிட்டால்
மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன என்று பொருள்.

தெரியாத காலம் ஒன்று இருந்தது.
மூன்று பிப்ரவரிக்கு முன், விடிகாலை நான்கு மணி,
கோடு மெல்ல மெல்ல அடங்கியது.
காப்பியை உறிஞ்சியபடி பதிவேட்டில் எழுதினாள்:
"இன்று நல்ல அமைதி."
நாற்பது நிமிடம்.
மேலே எண்ணூற்று அறுபது, கீழே அறுநூற்றுத் தொண்ணூறு.
ஒரே பானைக்குள் இரண்டு பருவம்.

ஆற நான்கு நாள்.
ஆள்நுழைவாயில் வழியே இறங்கி
காற்றுளியால் உடைக்க இன்னும் ஏழு நாள்.
கிளறாமல் விட்ட கஞ்சி கட்டிதட்டும், தெரியும்.
இது கண்ணாடியாய்க் கட்டிதட்டியிருந்தது,
பாசிநிறக் கண்ணாடி.
ஒரு துண்டில் தாளின் கணு
அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது.
அதைத்தான் பதிவேட்டின்மேல் பாரமாக வைத்திருக்கிறாள்.

தாள் தரையிலிருந்து உறிஞ்சிய பொட்டாசிய உப்பு
சூட்டில் மணலை இளக்குகிறது.
இளகிய மணல் பக்கத்து மணலை ஒட்டுகிறது.
அன்றுமுதல் வெண்களிமண் வந்தது மூட்டை மூட்டையாய்.
களி முந்திக்கொண்டு உப்பை வாங்கிக்கொள்ளும்,
மணலுக்கு மிச்சம் வைக்காது.
விலையைப் பார்த்துக் கணக்கர் பிரேபன்
ஒவ்வொரு மாதமும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இந்தச் செப்டம்பரில்
தோர்கில் வண்டியோடு வாசலில் நின்றான்.
அறுத்துப் போட்ட தாள்
மூன்று வாரம் மழையில் கிடந்தது,
கடைசி ஐந்து நாள் வெயிலில் காய்ந்தது.
பொன்னிறம் போய்விட்டது,
கட்டுகள் எல்லாம் நரைத்திருந்தன.
"குதிரைக்காரர்கள் தொடவில்லை.
அரைவிலை கொடுத்தாலும் போதும்."
அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ஒரு பிடி உருவி முகர்ந்தாள், பூஞ்சை இல்லை.
ஈரமானியைக் குத்தினாள், பதின்மூன்று.
இரண்டு பீங்கான் குப்பியில்
பொன்னிறம் ஒன்று, நரை ஒன்று,
சோதனை உலைக்குள் வைத்துவிட்டு
அவனுக்கும் காப்பி ஊற்றினாள்.

பொன்னிறத்தின் சாம்பல்
கவிழ்த்தும் விழவில்லை.
தட்டினாள். குப்பிதான் விரிந்தது.
நரையின் சாம்பல் மாவாய் உதிர்ந்து
மேசையில் பரவி
அவன் மூச்சில் கொஞ்சம் பறந்தது.

உப்பைத் தின்றது தண்ணீர் குடித்தாக வேண்டும்.
குடித்திருக்கிறது, மூன்று வாரம்,
வானமே ஊற்ற.

"மழை என் விளைச்சலைத் தின்றுவிட்டதென்று
வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்."
"உப்பை மட்டும்தான் தின்றது."
"தின்று?"
"உன் வயலிலேயே இறக்கியிருக்கிறது."
தோர்கில் சற்று நேரம் பேசவில்லை.
வசந்தத்தில் வாங்கும் உரமூட்டைகளை
விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது.
பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.
"அப்படியானால் அரைவிலை எதற்கு?"

பேரம் இன்னும் முடியவில்லை.
பிரேபன் கண்ணாடியைத் துடைக்கிறார்,
களிமண் செலவில் எத்தனை மூட்டை குறையும்
என்று கேட்கிறார். அவள் சொல்லவில்லை.
ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல்
எதையும் சொல்வதில்லை இப்போது.
படுக்கையின் அடியில் பழைய மணலை வடித்து
மேலே புதியதைக் கொட்டுவதை
நரைத்தாள் வந்ததற்காக நிறுத்தவுமில்லை.

மணி நான்கு.
கண்ணாடித் துண்டை நகர்த்திப்
பதிவேட்டைத் திறக்கிறாள்.
கோடு நடுங்குகிறது, காய்ச்சல்காரன் கைபோல.
எழுதுகிறாள்:
"அமைதி இல்லை."
கூரையில் தூறல்.
யாருடைய தாளோ எங்கோ நனைகிறது.